வீட்டுப் பொருள் சாட்சி சொல்லுமா?

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பெரும்பாலும் கோட்டையைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். அதைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்கள் அவர்களுக்குத் தெரிவதில்லை. அவ்வூர்களுள் ஒன்று அனந்தபுரம். 2013-ஆம் ஆண்டில், அப்பகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கும்பொருட்டு வீடு வீடாகச் சென்று பட்டியல் எழுதிய சிறு குழு ஒன்றில் நாமும் இடம்பெற்றிருந்தோம்.

ஒரு வீட்டின் முன் நின்றோம். கூரையில் ஓலைக்குப் பதிலாகக் கல்நார்த் தகடு போட்டிருந்தது. உள்ளே வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மேசை விசிறி இருந்தது. அடுப்பங்கரையில் மிக்சியும் கிரைண்டரும் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக அந்தத் தாய் விண்ணப்பித்திருந்தார். குழுவில் ஒருவர் குறிப்பேட்டில் 'வசதி உண்டு' என்று எழுதினார். மறுத்துரைக்க நமக்கும் தோன்றவில்லை. அந்தப் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

அந்த வீட்டுக்குப் பின்னர் நேர்ந்ததை இக்கட்டுரையின் முடிவில் கூறுவோம். அன்று நாம் செய்தது புதிய தவறன்று. வீட்டிலுள்ள பொருள்களை எண்ணி வறுமையை அளக்கலாம் என்னும் எண்ணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பேரறிஞர்களும் தில்லியில் அரசு அதிகாரிகளும் அதே வழியில் நடந்து, அதே இடத்தில் இடறியிருக்கின்றனர். அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

கோட்டையும் குடிசையும்

பொருள்களைக் கொண்டு கடந்த காலத்தை அறிய முயலும் எவருக்கும் செஞ்சி நல்ல பாடம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் இணைக்கும் மதில், கல்யாண மகால், பெரிய நெற்களஞ்சியங்கள் ஆகியவை இன்றும் நிற்கின்றன. 2025 சூலையில் மராட்டியர் காலப் படைத்தளங்களின் வரிசையில் இக்கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. இவற்றைக் காண்பவர், அக்காலத்துச் செஞ்சியில் பஞ்சமே இருந்திராது என்று எண்ணக்கூடும். ஆனால் களஞ்சியம் நிறைந்திருந்தது என்பதால், அதை நிறைத்த உழவனின் பானை நிறைந்திருந்தது என்று ஆகிவிடாது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தபோது சுற்றுப்புறக் குடிகள் எதை உண்டனர் என்பதைச் சொல்ல எந்தக் கட்டடமும் இல்லை. கருங்கல் நிலைத்தது, மண்பானையும் ஓலைக்கூரையும் மண்ணாகிப் போயின.

நிலைத்து நிற்கும் பொருள், உள்ளவனின் கதையைச் சொல்லும் அளவுக்கு இல்லாதவனின் கதையைச் சொல்லுவதில்லை. இது முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

தாதுப் பஞ்சம் கற்பித்தது

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாதுப் பஞ்சத்தின்போது, 'உண்மையான ஏழை யார்?' என்னும் கேள்வி அரசின் முன் கொடிய வடிவில் எழுந்தது. 1877-இல் இந்திய அரசின் சார்பில் சென்னை மாகாணத்திற்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதனோடு சிறிது காசும் என்று குறைத்தார். தேவையற்றோர் நிவாரணத்தை நாடாதிருக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையரான மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது.

பஞ்சம் வந்தவுடன் குடியானவன் வீட்டில் நடப்பதை நம் முன்னோர் நன்கறிவர். முதலில் பெண்களின் நகை வட்டிக்கடைக்குப் போகும். அடுத்து வெண்கலப் பாத்திரம் போகும். உழவு மாடு கடைசி வரை நிற்கும். மாடு போனால் மறுபோகமும் போயிற்று. இந்த இறக்கத்தின் இடையில் ஓர் அதிகாரி வந்து பார்த்தால், ஒரு சோடி மாடும் நான்கு பாத்திரமும் உள்ள வீட்டைக் காண்பார். அங்கே பத்து நாளாக உலை ஒழுங்காக ஏறவில்லை என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. வறுமை வருகின்ற வேகத்திற்குப் பொருள்கள் வெளியேறுவதில்லை. அவை பின்தங்கியே போகும்.

பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை அளித்தது. அதன் வழிவந்த பஞ்ச விதித்தொகுப்புகள், அதிகாரிகள் உற்று நோக்க வேண்டியவை எவை என்று கூறின. தானிய விலை ஏறுதல், கடன் கிடைக்காமற்போதல், மக்கள் வழக்கத்திற்கு மாறாக ஊர்விட்டு ஊர் அலைதல், திருட்டு மிகுதல் போன்றவை அவ்வடையாளங்கள். இவை எல்லாம் நிகழ்ச்சிகள். வீட்டில் கிடக்கும் பொருள்களின் பட்டியல் அன்று. பட்டினியில் பழகியவர்களின் அனுபவம், 'என்ன இருக்கிறது?' என்று கேட்பதைக் காட்டிலும் 'என்ன நடந்துகொண்டிருக்கிறது?' என்று கேட்பதே தக்கது எனக் காட்டியிருந்தது. பின்வந்தோர் இதை மறந்தனர்.

யார்க் நகரத்தில் கண்ணால் கண்ட வறுமை

வறுமையை அறிவியல் முறையில் அளக்க முனைந்தோருள் முதன்மையானவர் சீபோம் ரௌண்டிரி. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1899-இல் அவருடைய ஆய்வாளர்கள் தொழிலாளர் வீடுகள் அனைத்தையும் வலம்வந்தனர். 1901-இல் வெளியான அவருடைய நூல், நகர மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறியர் என்றது. அவர்களுள் 9.91 விழுக்காட்டினரின் வருவாய் உடலை ஓம்பவே போதாதது. எஞ்சிய 17.93 விழுக்காட்டினரின் வருவாய், கணக்குப்படி போதுமானது. ஆயினும் வீட்டைப் பார்த்தால் வறுமை தெரிந்தது.

'வீட்டைப் பார்த்தால்' என்பதே இங்குச் சிக்கல். கிழிந்த உடை, உடைந்த தட்டுமுட்டு, அழுக்கு, அண்டைவீட்டார் சொல் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர் தம் கண்ணால் முடிவு செய்தனர். 1936-இல் அதே நகரை மீண்டும் ஆராய்ந்த ரௌண்டிரி, அந்தக் கண்மதிப்பு நம்பத்தக்கதன்று என்று கண்டு அதைக் கைவிட்டார். தாம் வகுத்த முறையைத் தாமே விலக்கிய அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும்.

அவர் வகுத்த முதல்நிலை வறுமைக்கோடு எவ்வளவு கடுமையானது என்பதையும் அவரே விளக்கினார். அந்தக் கோட்டின்படி வாழும் குடும்பம் இரயிலில் ஏறக் கூடாது. செய்தித்தாள் வாங்கக் கூடாது. தொலைவிலுள்ள பிள்ளைக்குக் கடிதம் எழுத முடியாது. கோவிலுக்குக் காணிக்கை போடவும் இயலாது. உயிரோடு இருக்கலாம்; மனிதரோடு கலந்து வாழ முடியாது. இவ்விடத்திலிருந்துதான் விடுமுறை என்னும் செய்தி வறுமை ஆராய்ச்சிக்குள் நுழைகிறது.

விடுமுறைக்குப் போகாதவர் ஏழையா?

பீட்டர் டவுன்செண்ட் என்னும் சமூகவியல் அறிஞர் 1968-69-இல் பிரித்தானியாவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து 1979-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஒரு சமுதாயத்தில் எல்லாரும் இயல்பாகப் பெறும் வாழ்வில் பங்குபெற முடியாமையே வறுமை என்றார். அதற்குப் பன்னிரண்டு அடையாளங்களையும் தந்தார். கடந்த ஓராண்டில் ஒரு வாரமாவது வெளியூர் விடுமுறைக்குச் செல்லாமை, குளிர்பதனப் பெட்டி இல்லாமை, உறவினரையோ நண்பரையோ விருந்துக்கு அழைக்காமை, ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி வாட்டிச் சமைக்காமை போன்றவை அவற்றுள் சில.

டேவிட் பியாசோ என்னும் பொருளியலாளர் 1981-இல் இதற்கு எதிர்வாதம் எழுப்பினார். இறைச்சி உண்ணாமை ஒருவருடைய விருப்பமாக இருக்கலாம். அதை வறுமையின் அடையாளம் எனலாமா? வீட்டிலேயே இருக்க விரும்புவோரை விடுமுறை இல்லாத ஏழை எனலாமா? இக்கேள்விகளுக்கு விடைகாணும் முயற்சியாக 1983-இல் சோவன்னா மாக், ஸ்டுவர்ட் லான்ஸ்லி ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு அமைந்தது. எவை இன்றியமையாதவை என்பதைப் பொதுமக்களிடமே கேட்டனர். பின்பு, ஒரு பொருள் இல்லை என்போரிடம் இன்னொரு வினாவையும் கேட்டனர்: அது வேண்டாம் என்பதால் இல்லையா, வாங்க முடியாததால் இல்லையா? முடியாமையால் இல்லாததை மட்டுமே வறுமையில் சேர்த்தனர். ஐரோப்பிய ஒன்றியம் இன்று கையாளும் பதின்மூன்று அடையாளங்களுள்ளும் ஆண்டுக்கு ஒரு வார வெளியூர் விடுமுறை உண்டு. அங்கும் 'சென்றாயா?' என்பது வினா அன்று. 'செல்லும் வசதி உண்டா?' என்பதே வினா.

ஒரே ஒரு வினாவைச் சேர்த்ததால் அளவுகோல் பெரிதும் திருந்தியது. அந்த வினாவைக் கேட்க வேண்டுமானால், வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது. உள்ளே அமர்ந்து பேச வேண்டும்.

நம் மண்ணில் இந்த விடுமுறைக் கணக்கு இன்னும் சிக்கலானது. தினக்கூலிக்கு விடுமுறை என்றால் அன்றைய கூலி இல்லை என்று பொருள். வேலையற்ற நாள்கள் மிகுந்த வீட்டிற்கு ஓய்வு மிகுதி என்று யாரும் சொல்லமாட்டார். மறுபுறம், கையில் காசில்லாதவரும் பயணம் போகின்றனர். மேல்மலையனூர் அமாவாசைக்கும் திருவண்ணாமலைப் பௌர்ணமிக்கும் வேளாங்கண்ணிப் பெருவிழாவிற்கும் செல்லும் கூட்டத்தில் கடன் வாங்கிக்கொண்டு வந்தோர் எத்தனை பேர்! நோயுற்ற பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட நடைப்பயணத்தை உல்லாசப் பயணம் என்று கணக்கெழுதுவது நியாயமாகாது.

இன்னொரு பயணமும் உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு, சென்னையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்குப் பல மாதங்களுக்குப் போகின்றன. கரும்பு வெட்டவும் போகின்றன. அந்த மாதங்களில் வீடு பூட்டிக் கிடக்கும். குடும்பம் முழுவதும் வெளியூர் போயிருக்கிறது என்பது வெறும் சொல்லளவில் விடுமுறையைப் போலத் தோன்றும். உண்மையில் அது வாங்கிய கடனுக்கு உடலை ஈடுவைத்த பயணம்.

இருவேல்பட்டு சொல்லும் செய்தி

தொலைநாட்டு ஆய்வுகளையே சொல்லிக்கொண்டிருப்பானேன்? நம் மாவட்டத்திலேயே உலகப் புகழ்பெற்ற ஆய்வூர் ஒன்று உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தார். அன்றைய தென்னார்க்காட்டில் தேர்ந்த ஊர் இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1930-களில் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோரும், 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல்லும், 1980-களில் எஸ். குகனும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் அதே ஊரை மீண்டும் ஆராய்ந்தனர். ஏறக்குறைய நூறாண்டுகளின் கதை ஒரே ஊரில் கிடைப்பது அரிது.

அந்த நூறாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களின் வீடுகளுக்குள் வந்த பொருள்களை எண்ணிப் பாருங்கள். அகல்விளக்கு போய் அரிக்கேன் விளக்கு வந்தது; மின்விளக்கு வந்தது. மிதிவண்டியும் வானொலியும் வந்தன. மண்பாண்டம் இருந்த இடத்தில் எவர்சில்வர் வந்தது. பொருள்களை மட்டும் எண்ணினால் நேர்கோடாக ஓர் ஏற்றமே தெரியும். ஆனால் இருவேல்பட்டு ஆய்வாளர்களின் கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. நிலம் யார் கையில்? படியாளாகக் கட்டுண்டவர் யார்? கடன் யாரிடம்? கூலி எங்கே கிடைக்கிறது? நிலக்கிழாரின் பிடி தளர்ந்தது, படியாள் முறை மறைந்தது, வெளியூர் வேலை பெருகியது என்பனவே அவர்கள் கண்ட பெரிய மாற்றங்கள். நிலமின்மையோ நீங்கவில்லை. இந்த ஏற்ற இறக்கங்களில் எதையும் ஒரு வானொலிப் பெட்டி நமக்குச் சொல்லாது.

அரசு கொடுத்த பொருளும் அரசு எடுத்த கணக்கும்

இனித் தில்லிக்கு வருவோம். 1997-இல் நடந்த வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பு, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி, இருசக்கர வாகனம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ள குடும்பத்தை ஏழை அல்ல என்று முதலிலேயே ஒதுக்கியது. வெயிலுக்கு ஒரு விசிறி வைத்தவன் வறுமையைக் கடந்தவன் ஆனான். 2002-இல் முறை மாறியது. பதின்மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் நான்கு மதிப்பெண், மொத்தம் 52. மதிப்பெண் கூடக்கூட வறுமை குறைவு. வண்ணத் தொலைக்காட்சியோ மின்சாரச் சமையற்கருவியோ இருந்தால் அந்தக் கேள்விக்கு முழு நான்கு மதிப்பெண்.

இந்நிலையில் தமிழகத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். 2006 செப்டம்பர் முதல் அன்றைய மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளைச் சேர்ந்தன. 2011 செப்டம்பர் முதல் அடுத்து வந்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கியது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகக் குடும்பங்களில் 87 விழுக்காட்டில் தொலைக்காட்சி இருந்தது. தில்லியின் கணக்கேட்டில் வசதியின் அடையாளமாக நின்ற பொருள்களையே சென்னை வீடுதோறும் கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுத்ததில் குறை காண்பது நம் நோக்கமன்று. கிரைண்டர் வந்ததால் ஆட்டுக்கல்லின் முன் குனிந்திருந்த பெண்களின் முதுகு நிமிர்ந்தது. அவை வீட்டில் இருப்பது அந்த வீட்டின் வருவாயைப் பற்றி எதையும் சொல்லாது என்பதே நம் கருத்து.

தமிழகத்தில் ஒரு நன்மை இருந்தது. 1997-இல் நாடெங்கும் பங்கீட்டுக் கடைகள் ஏழைகளுக்கும் மற்றோருக்கும் எனப் பிரிக்கப்பட்டபோது, தமிழகம் எல்லாருக்கும் பொதுவான பங்கீட்டையே தொடர்ந்தது. ஆகவே விசிறி இருந்ததால் யாருடைய அரிசியும் போகவில்லை. ஆனால் வீட்டுவசதி போன்ற மத்தியத் திட்டங்களுக்கு அந்தப் பட்டியல்களே வாயிலாக இருந்தன. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு தொலைக்காட்சியையும் விசிறியையும் விலக்குப் பட்டியலில் வைக்கவில்லை; குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி, இருசக்கர வாகனம் ஆகியவற்றை வைத்தது. ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் 2024-இல் அந்த மூன்றும் நீக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் பட்டியல் திருந்துகிறது. ஒவ்வொரு முறையும் வாழ்க்கை அதைக் கடந்து போய்விடுகிறது.

அளவும் தீர்ப்பும்

அப்படியானால் பொருள்களை எண்ணுவது முற்றிலும் வீண்தானா? அவ்வாறு கூறுவதும் நேர்மையாகாது. தேசியக் குடும்பநல ஆய்வு, வீட்டுப் பொருள்களையும் வீட்டின் அமைப்பையும் கொண்டு குடும்பங்களை ஐந்து தட்டுகளாகப் பிரிக்கிறது. குழந்தை இறப்பு, சத்துக்குறைவு, கல்வி ஆகியவை அந்தத் தட்டுகளுக்கு ஏற்ப மாறுவது தெளிவாகத் தெரிகிறது. இலட்சக்கணக்கான குடும்பங்களை ஒருங்கே நோக்கும்போது, ஒரு வீட்டில் நேரும் பிழையை மற்றொரு வீட்டின் பிழை ஓரளவு ஈடுசெய்யும். வருவாயைக் கேட்டால் மறைப்போரும் மறப்போரும் உள்ள நாட்டில், கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒரு நல்ல துணைச்சான்று.

ஆனால் நாட்டை அளப்பது வேறு. ஒரு வீட்டின் மீது தீர்ப்புக் கூறுவது வேறு. ஆயிரம் வீடுகளுக்குச் சராசரியாகப் பொருந்தும் அடையாளத்தை ஒரு வாசலில் நின்று சட்டமாக்கினால், தவறு முழுவதும் அந்த ஒரு குடும்பத்தின் தலையில் விழும். அங்கே அதை ஈடுசெய்ய அடுத்த வீடு இல்லை.

அமர்த்தியா சென் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவுபடுத்தினார். வெட்கமின்றி நான்கு பேர் நடுவே நிற்க முடிதல் என்பது எல்லா நாட்டிலும் ஒரே தேவை. அதற்கு வேண்டிய பொருள்தான் நாட்டுக்கு நாடு மாறும். 1776-இல் ஆதம் ஸ்மித் தம் நாட்டுக் கூலிக்காரனின் சணல்நூற்சட்டையைச் சான்று காட்டினார். மகளின் திருமணத்தில் சீர்வரிசையாக ஒரு பீரோவேனும் வைக்கக் கடன்படும் நம் ஊர்த் தந்தைக்கும் அதே வெட்கம்தான் காரணம். அந்தப் பீரோவைக் கண்டு அவரைச் செல்வர் என்போமா?

பொருளைக் கண்டால், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். விலைக்கா, தவணைக்கா, சீராகவா, அரசின் கொடையாகவா? அது இயங்குகிறதா? அதை விற்றால் எத்தனை நாள் உண்ணலாம்? அடகில் என்ன இருக்கிறது? சென்ற மாதம் எந்தச் செலவைத் தள்ளிப்போட்டார்கள், மருந்தையா, பள்ளிக் கட்டணத்தையா? ஒருவர் நோயில் விழுந்தால் அடுத்த வாரம் என்ன ஆகும்? இவற்றிற்கான விடைகள் கண்ணுக்குத் தெரியா. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் கேட்பவரை நம்பினால்தான் கிடைக்கும்.

அனந்தபுரத்து வீட்டுக்குத் திரும்புவோம். அந்தத் தொலைக்காட்சி அரசு கொடுத்தது; விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் அப்படியே. தொலைக்காட்சி பழுதாகி ஓராண்டு ஆகியிருந்தது. கூரைத் தகட்டுக்கு வாங்கிய கடன் தீரவில்லை. இவற்றை நாம் அறிந்தது மறு ஆண்டில்தான். பொங்கல் முடிந்ததும் அக்குடும்பம் மேஸ்திரியிடம் முன்பணம் பெற்றுச் சூளைக்குப் போயிருந்தது. அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த மகளும் உடன் போனாள். அவ்வாண்டுப் பொதுத்தேர்வை அவள் எழுதவில்லை.

நாம் கொடுக்க இருந்த உதவித்தொகை பெரிதன்று. அது கிடைத்திருந்தால் அவள் நின்றிருப்பாள் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் நாம் அன்று அந்த வீட்டில் செலவிட்ட நேரம் ஐந்து நிமிடம். விசிறி ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாய் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், குறிப்பேட்டை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நாம் நடந்ததும் நினைவில் இருக்கின்றன. இப்போது அத்தகைய பட்டியல் எழுதச் செல்லும் இளைஞர்களிடம் நாம் ஒன்றைத்தான் வேண்டிக்கொள்கிறோம்: பொருள்களை எண்ணுமுன் திண்ணையில் சற்று அமருங்கள்; அவ்வீட்டார் பேசி முடிக்கட்டும்.